மூன்றாவது லைனில் எரிந்த விளக்கு

1998 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. பகல் மணி பன்னிரண்டு முப்பத்தைந்து. திண்டுக்கல் வட்டாரத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகம், நிர்வாகக் கட்டடத்தின் கீழ்த்தளம். டெலிபோன் சுவிட்ச்போர்டு அறை பூட்டியிருந்தது. கதவின் மேல்பாதிக் கண்ணாடி வழியே முதலில் என் கண்ணில் பட்டது ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. மூன்றாவது லைனின் விளக்கு. எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. கூடவே மணியும் அடித்தது.

நான் கையில் டிபன் பாக்ஸோடு நின்றேன். பதினான்கு முறை அடித்தது. எதையும் எண்ணிப் பார்ப்பது எனக்குப் பழக்கம். பிறகு நின்றுவிட்டது. யாரோ ஒரு மாணவரின் அப்பா பரீட்சை முடிவு கேட்கக் கூப்பிடுகிறார், வேண்டுமென்றால் மறுபடி கூப்பிடுவார் என்று நினைத்துக்கொண்டு சாப்பிடப் போனேன்.

அந்தப் பதினான்கு மணியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மதுரையில் ஒரு நாளிதழில் பதினோரு வருடம் துணை ஆசிரியராக இருந்துவிட்டு, இந்தப் பல்கலைக்கழகத்தில் மக்கள் தொடர்பு அலுவலராகச் சேர்ந்திருந்தேன். டெலிபோன் பிரிவும் என் பொறுப்பில்தான் இருந்தது. பத்திரிகையில் என் வேலை இரண்டு. பெயர், ஊர், நாள், நேரம் நான்கும் சரியா என்று பார்ப்பது ஒன்று. நிருபர் எழுதியனுப்புவதை வாசகருக்குப் புரிகிறபடி திருத்துவது இன்னொன்று. இரண்டிலும் எனக்கு நல்ல பெயர் இருந்தது.

அப்போது எங்களிடம் வெளிநாட்டு மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் படித்தார்கள். ஐந்து பேர் எத்தியோப்பியாவிலிருந்து வந்தவர்கள். அவர்களில் ஒருவர் ஊரக வளர்ச்சியில் முதுகலை படித்தார். வயது இருபத்தாறு. நிலைப்படியில் குனிந்துதான் நுழைவார், அவ்வளவு உயரம். விடுதி மெஸ் வரிசையில் நின்றே தமிழ் கற்றவர். பொரியலுக்குத் தட்டை நீட்டி, "அண்ணே, வெஞ்சனம் இம்புட்டுத்தானா?" என்று அவர் கேட்டால் வரிசையே சிரிக்கும். பரிமாறுகிறவர், "உனக்கு வச்சா மத்தவன் பட்டினி அப்பு" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி வைப்பார். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர் என்பதால் புதனும் வெள்ளியும் அவருக்கு விரதம். பால், தயிர், முட்டை எதுவும் கிடையாது. யாரும் உத்தரவு போடவில்லை, மெஸ்காரர்களே நினைவில் வைத்திருந்து அந்த இரண்டு நாளும் மோருக்குப் பதில் ரசத்தை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்கள்.

அந்த வருடம் மே மாதம் எத்தியோப்பியாவுக்கும் அதன் அண்டை நாடான எரித்திரியாவுக்கும் போர் மூண்டது. நம்மூர்ப் பத்திரிகையில் உள்பக்கத்தில் நாலு வரி வந்தது. நான் அந்த மேஜையில் இருந்திருந்தாலும் நாலு வரிதான் போட்டிருப்பேன்.

அந்த மாணவரின் அம்மா எத்தியோப்பியப் பெண். அப்பாவின் பூர்வீகம் எரித்திரியா. மகன் பிறந்தபோது இரண்டும் ஒரே நாடு. அப்பா தலைநகர் அடிஸ் அபாபாவில் ஓர் அச்சகத்தில் அச்சுக் கோப்பவர். போர் தொடங்கிய சில வாரங்களில் ஒருநாள் காலை, அவருடைய பூர்வீகத்தைச் சொல்லி, வேலை செய்கிற இடத்திலிருந்தே அழைத்துப் போய் பஸ்ஸில் ஏற்றி எல்லைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டார்கள். மாற்றுச் சட்டைகூட எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவும் இரண்டு தங்கைகளும் இந்தப் பக்கம் நின்றுவிட்டார்கள். இரண்டு நாடுகளுக்கும் இடையே தபாலும் நின்றது, டெலிபோனும் நின்றது.

எங்கள் பதிவாளர் முதலில் ஒரு சுற்றறிக்கை எழுதச் சொன்னார். அந்த ஐந்து பேரையும் பாதுகாப்புக் கருதி வேறு வேறு விடுதிகளுக்கு மாற்ற வேண்டும் என்பது சாரம். நம் மாணவருடைய அறைத்தோழரின் அண்ணன் எத்தியோப்பியப் படையில் எல்லையில் நிற்கிறார் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். நான் இருவரையும் கூப்பிட்டுக் கேட்டேன்.

"எங்களுக்குள்ள ஒரு சண்டைதான் சார். காலையில யார் முதல்ல குளிக்கிறது" என்றார் நம் மாணவர்.

அறைத்தோழர், "இவன் பாத்ரூம்ல பாடுறான். அதுக்கு வேணும்னா ஒரு சுற்றறிக்கை விடுங்க" என்றார்.

சுற்றறிக்கை கிழிந்தது. அதை எழுதச் சொன்ன பதிவாளர்தான் பிறகு நம் மாணவரின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க முடியாமல் போனபோது மாதாமாதம் அவரைக் காரில் தன் பக்கத்தில் உட்கார வைத்து, திண்டுக்கல் போலீஸ் அலுவலகத்துக்குக் கடிதத்தோடு போய் வந்தார். இதையும் சொல்ல வேண்டும்.

அடிஸ் அபாபாவிலிருந்து இந்தியாவுக்குப் பேசலாம். எரித்திரியாவிலிருந்தும் இந்தியாவுக்குப் பேசலாம். அந்த இரண்டு ஊருக்கும் நடுவில்தான் பேச முடியாது. எனவே கணவன் மனைவிக்குச் சொல்ல வேண்டியதும் மனைவி கணவனுக்குச் சொல்ல வேண்டியதும் எங்கள் சுவிட்ச்போர்டு வழியாகப் போயின. அம்மா பக்கத்து வீட்டு ஆசிரியரின் டெலிபோனிலிருந்து கூப்பிடுவார். அப்பா தபால் நிலையத்திலிருந்து கூப்பிடுவார். எந்த நாள், எந்த நேரம் என்று சொல்ல முடியாது. மணி அடித்தால் விடுதிக்கோ வகுப்புக்கோ ஆள் ஓடும். மாணவர் மூச்சிரைக்க வந்து பேசுவார்.

சுவிட்ச்போர்டில் உட்கார்ந்தவர் சின்னாளப்பட்டி நெசவுக் குடும்பத்துப் பெண். நாற்பது வயதிருக்கும். எல்லாரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அழைப்பு வராத நேரத்தில் சுங்குடிச் சேலைத் துணியில் நூல் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார். அதனால் அவர் மேஜையில் பென்சில் இருக்கிறதோ இல்லையோ, நூல்கண்டு இருக்கும்.

செப்டம்பரிலிருந்து ஒரு கேள்வி அங்கேயும் இங்கேயும் போய் வந்தது. வீட்டை விட்டுவிட்டு மகள்களோடு எப்படியாவது அவரிடம் போய்ச் சேருவதா, அங்கேயே இருப்பதா? அம்மா கேட்டார். அப்பா, "அங்கேயே இரு, பிள்ளைகள் படிக்கட்டும்" என்று சொல்லியனுப்பினார். மகன் அதைச் சொன்னார். அம்மா நம்பவில்லை.

"நான்தான் இட்டுக் கட்டிச் சொல்றேன்னு நினைக்கிறாங்க அக்கா. அப்பா அப்படிச் சொல்ற ஆள் இல்லையாம். அவர் வாயால கேக்கணுமாம்" என்றார் மாணவர்.

அக்கா முடிச்சுப் போடுவதை நிறுத்தவில்லை. "அதுக்கென்ன தம்பி, பேசட்டும்."

"எப்படி அக்கா?"

"ரெண்டு போனையும் தலை மாத்தி வச்சுக் கட்டிருவோம். இது பேசறது அதுக்குக் கேக்கும், அது பேசறது இதுக்குக் கேக்கும். அம்புட்டுத்தான்."

அன்றைக்கு எங்கள் சுவிட்ச்போர்டில் வெளியிலிருந்து வரும் இரண்டு அழைப்புகளை ஒன்றோடொன்று இணைக்க வழியில்லை. அக்காவின் யோசனையை நான் துணைவேந்தரிடம் போய்ச் சொன்னேன். அவர், "எழுத்தில் கேட்காதீர்கள். செய்யுங்கள்" என்றார்.

எலக்ட்ரீஷியன் என் அறையில் இருந்த தனி டெலிபோனின் வயரை வராந்தா வழியாக இழுத்து சுவிட்ச்போர்டு அறைக்குள் கொண்டுவந்தார். ஒத்திகையும் பார்த்தோம். அறைத்தோழர் வாசலுக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து மூன்றாவது லைனுக்குக் கூப்பிட்டார். மெஸ்ஸில் பரிமாறுகிறவர் பஸ் நிறுத்தத்துக் கடையிலிருந்து என் டெலிபோனுக்குக் கூப்பிட்டார். அக்கா இரண்டு ரிசீவரையும் தலைமாற்றி வைத்து, இரண்டு இடத்தில் நூல் சுற்றி, பல்லால் கடித்து முடிச்சுப் போட்டார். நாங்கள் குனிந்து காது கொடுத்தோம்.

"ஏலே, கேக்குதா?"

"கேக்குது அண்ணே. வெஞ்சனம் இருக்கா?"

அந்த அறையில் நாங்கள் அப்படிச் சிரித்தது அது ஒன்றுதான்.

இனி அம்மா நாளும் நேரமும் சொல்ல வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் அழைப்பு வந்தது. மாணவர் களப்பணிக்காக ரெட்டியார்சத்திரம் பக்கம் கிராமத்துக்குப் போயிருந்தார். அக்கா லைனை எனக்குக் கொடுத்தார். பேசியவர் பக்கத்து வீட்டு ஆசிரியர். ஆங்கிலத்தை ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார். சனிக்கிழமை அந்த அம்மாவைத் தன் வீட்டு டெலிபோனில் பேச வைப்பதாகச் சொன்னார். அரை மணி நேரம்தான் முடியும், அக்கம்பக்கம் கவனிக்கிறது, அதன் பிறகு தன் வீட்டுக்கு அவர்கள் வருவதே சிரமம் என்றார்.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.

"நாலு மணிக்கு."

"எந்த நாட்டு நேரம்? உங்கள் நேரமா, இந்திய நேரமா?"

"எங்கள் நேரம். எங்கள் நேரம்" என்று இரண்டு தடவை சொன்னார்.

கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன் என்ற திருப்தி எனக்கு. அவர்களுக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். கூட்டினேன். செய்திச் சீட்டில் "சனிக்கிழமை, மாலை 6.30, அம்மா பேசுவார்" என்று தெளிவாக எழுதி விடுதிக்கு அனுப்பினேன். படிக்கிறவருக்குக் கணக்குப் போடுகிற வேலை வைக்கக் கூடாது என்பது பத்திரிகையில் நான் கற்ற பாடம்.

மறுநாள் அப்பா கூப்பிட்டபோது மகன் அந்தச் சீட்டைப் பார்த்தே அவருக்கும் நேரம் சொன்னார்.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கே எல்லாரும் வந்துவிட்டோம். சனிக்கிழமை அரை நாள் அலுவலகம். அக்கா வீட்டுக்குப் போகாமல் இருந்தார். மாணவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அறைத்தோழர் சுவரோரமாக நின்றார். அக்கா நூலை வெட்டி இரண்டு துண்டு தயாராக வைத்திருந்தார்.

ஆறு இருபத்தெட்டுக்கு என் லைன் அடித்தது. அப்பா. மகன் எடுத்துப் பேசினார். மூன்றாவது லைன் அடிக்கவில்லை. ஆறு முப்பத்தைந்து. ஆறு நாற்பது. மகன் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா ஏதோ கேட்டார். மகன் என் பக்கம் திரும்பினார்.

"சார், அந்த ஆசிரியர் போன்ல பத்து மணின்னா சொன்னார்?"

"இல்லை. நாலு மணி என்றார்."

"நாலா?"

"நாலுதான். நன்றாகக் கேட்டேன். உங்கள் நேரம் நாலு."

அறைத்தோழர் சுவரை விட்டு ஓர் அடி முன்னால் வந்தார். அவர்கள் மொழியில் ஒரு வார்த்தை சொன்னார். பிறகுதான் எனக்கு விளக்கினார்கள். அவர்கள் ஊரில் நாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை. விடிந்ததிலிருந்து எண்ணுகிறார்கள். நம் முறையில் காலை ஏழு மணி என்பது அவர்களுக்கு ஒரு மணி. நான் நினைத்த மாலை நாலு அவர்களுக்குப் பத்து மணி. அவர்களுடைய நாலு மணி என்பது நம் முறையில் காலை பத்து. இந்திய நேரம் பகல் பன்னிரண்டு முப்பது.

நம்மூருக்கு வந்ததும் அவர்கள் நம் கடிகாரத்துக்கு மாறிக்கொண்டார்கள். அதனால் அதைப் பற்றிச் சொல்லவும் கேட்கவும் சந்தர்ப்பம் வரவில்லை. சீட்டில் நான் "நாலு மணி" என்று கேட்டதைக் கேட்டபடி எழுதியிருந்தால் அவர் பார்த்த உடனே புரிந்துகொண்டிருப்பார். நான் திருத்தி எழுதினேன்.

ரிசீவரின் அந்தப் பக்கம் அப்பா இன்னும் காத்திருந்தார். மகன் அவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் பதிலுக்குச் சொன்னது நீளமாக இல்லை. லைன் அறுந்தது.

"என்ன தம்பி சொன்னாரு?" என்று அக்கா கேட்டார்.

"அடுத்த சனிக்கிழமை பாத்துக்கலாம்னு சொன்னார். உங்களுக்கெல்லாம் நன்றி சொல்லச் சொன்னார்."

அக்கா வெட்டி வைத்த நூல்துண்டுகளை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். திடீரென்று, "பன்னெண்டரைக்கு நான் சாப்பிடத்தானே போயிருந்தேன்" என்றார். "கதவப் பூட்டிட்டுப் போனேனே. நான் இங்கயே உக்காந்து தின்னுருக்கணும். பாவி நான், எங்கயோ போயி உக்காந்து..." அழ ஆரம்பித்துவிட்டார். மாணவர் அவர் நாற்காலி அருகே முழங்காலிட்டு உட்கார்ந்து, "அக்கா, அக்கா" என்றார்.

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்த விளக்கை நான் பார்த்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. திங்கட்கிழமை காலைதான் இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சொன்னேன். மாணவர் ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தனை தடவை அடிச்சது சார்?"

"பதினாலு."

"பதினாலு" என்று அவரும் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை அம்மா கூப்பிடவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. அந்தச் சனிக்கிழமை இரவிலிருந்தே நாங்கள் முயன்றும் ஆசிரியர் வீட்டு எண்ணுக்கு லைன் கிடைக்கவில்லை. அப்பா மட்டும் வாரம் தவறாமல் கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான் என்று மகன் சொன்னார். டெலிபோன் அறையில் இரண்டாவதாக ஒரு கடிகாரம் மாட்டச் சொன்னேன். நம் கடிகாரம் பன்னிரண்டரை காட்டும்போது அது நாலு காட்டும். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "நாமளும் ஜாதகத்துல விடிஞ்சதுல இருந்துதான் சார் நாழிகை எண்ணுறோம். எனக்கு ஏன் அது தோணல?" என்றார். சாப்பாட்டை அவர் அறைக்கே கொண்டுவர ஆரம்பித்திருந்தார்.

பிப்ரவரியில் எரித்திரியாவிலிருந்து ஓர் அழைப்பு. வேறொரு குரல். அப்பாவோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர். இரண்டு நாளைக்கு முன் நெஞ்சுவலி வந்து அவர் இறந்துவிட்டதாகவும் அடக்கம் முடிந்துவிட்டதாகவும் சொன்னார்.

அன்று மெஸ்ஸில் மதியச் சமையல் நடக்கவில்லை. யாரும் அறிவிக்கவுமில்லை, யாரும் கேட்கவுமில்லை. பதிவாளர் விடுதிக்கு நடந்து வந்து மாணவரின் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் பக்கத்துக் கிராமத்துச் சர்ச்சில் பாதிரியார் பூசை வைத்தார். சபை வேறு, முறை வேறு. நூறு பேருக்கு மேல் நின்றார்கள். அறைத்தோழர் அவருடைய தோளில் கை வைத்தபடி முதல் வரிசையில் நின்றார். எல்லையில் அந்த வாரம் மறுபடி சண்டை தொடங்கியிருந்தது. அவருக்குத் தன் அண்ணனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

மார்ச் மாதம் ஒருநாள் பகலில் மூன்றாவது லைன் அடித்தது. அம்மா, வேறு யாருடைய டெலிபோனிலிருந்தோ. அக்கா ரிசீவரை மாணவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். இரண்டு நிமிடத்துக்கெல்லாம் அந்தப் பக்கத்து அழுகை வராந்தாவில் நின்ற எங்களுக்கே கேட்டது.

அம்மா அந்தச் சனிக்கிழமை மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். மணி அடித்திருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. கணவர் பேச விரும்பவில்லை போல, அதனால்தான் மகனும் எடுக்காமல் இருக்கிறான் என்று எண்ணிக்கொண்டாராம். மூன்று மாதமும் அப்படித்தான் எண்ணியிருக்கிறார். அதே நாள் மாலை அப்பா லைனில் வந்ததையும் காத்திருந்ததையும் மகன் சொன்னார். அம்மா நம்பினாரா என்று நான் கேட்கவில்லை.

மாணவர் படிப்பை முடித்தார். போர் முடிந்த மறு வருடம் ஊருக்குக் கிளம்பினார். கொடைரோடு ஸ்டேஷனில் சென்னை ரயிலுக்காகக் காத்திருந்தோம். அக்கா தன் கையால் முடிச்சுப் போட்ட சுங்குடிச் சேலை ஒன்றை அம்மாவுக்கென்று கொடுத்தார். "எப்படிக் கட்டறதுன்னு எங்க அம்மாவுக்குத் தெரியாதே அக்கா" என்றார் அவர். "போத்திக்கிறட்டும் தம்பி" என்றார் அக்கா. அவர் குனிந்து அக்கா கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ரயில் வருகிற அறிவிப்பு வந்ததும் என் பக்கம் வந்தார். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. அவராகவே பேசினார்.

"நீங்க இன்னும் அதை நினைச்சுக்கிட்டு இருக்கீங்கன்னு அக்கா சொன்னாங்க. விடுங்க சார். ரூம் பூட்டியிருந்தது. நீங்க என்ன செஞ்சிருக்க முடியும்?"

நான் தலையை ஆட்டினேன். அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு ஏறினார்.

அந்த அறைக்கு இரண்டு சாவிகள். ஒன்றை அக்கா வைத்திருந்தார். இன்னொன்று, பத்தடி தள்ளி, என் மேஜையின் மேல் டிராயரில் இருந்தது.